"குழாய் போடாமலே நுரையீரல் மருந்து கொடுக்கலாமாமே, இந்தக் குழந்தைக்கு அப்படிக் கேட்கலாமா?"

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 31 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியில் வர வேண்டாம் என்பது அவர் விருப்பம். கடிதத்தின் சுருக்கம் இது:

"இரண்டே முக்கால் ஆண்டுகளுக்கு முன் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறியதால், 29 வாரத்திலேயே அறுவை சிகிச்சை செய்து என் மூத்த மகனை எடுத்தார்கள். எடை 1,100 கிராம். பிறந்ததுமே முனகினான், விலா எலும்புகள் உள்ளிழுத்தன. தொண்டைக்குள் குழாய் போட்டு நுரையீரலுக்கான மருந்தைக் கொடுத்து வென்டிலேட்டரில் வைத்தார்கள். இரண்டாம் நாள் நுரையீரலிலிருந்து காற்று கசிந்துவிட்டது என்று மார்பில் துளையிட்டு இன்னொரு குழாய் போட்டார்கள். எட்டு நாள் வென்டிலேட்டர், 52 நாள் மருத்துவமனை. இப்போது ஓடியாடுகிறான். ஆனால் சளி பிடித்தால் உடனே இழுப்பு வந்துவிடுகிறது.

"இப்போது நான் 26 வாரக் கர்ப்பிணி. இரண்டு வாரமாக அழுத்தம் மீண்டும் ஏறுகிறது. என் சித்தி மகளுக்குக் கோவையில் 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு, வென்டிலேட்டர் இல்லாமல் மெல்லிய குழாய் ஒன்றின் வழியாக அதே மருந்தைக் கொடுத்தார்களாம். அப்படி ஒரு வழி இருந்தும் என் மகனுக்கு ஏன் பழைய முறையைச் செய்தார்கள்? அதனால்தான் நுரையீரல் கிழிந்ததா? வழக்குப் போடலாமா? இந்தக் குழந்தைக்கு 'குழாய் போடக் கூடாது' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாமா? அந்த மருந்து பன்றியின் நுரையீரலிலிருந்து எடுப்பது என்று கேள்விப்பட்டு, என் மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார். இங்கேயே பிரசவம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் குழந்தையை மட்டும் மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியா?"

பச்சிளம் குழந்தைகள் நல மருத்துவரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாக, ஏதோ போகிற போக்கில் கேட்டதுபோல் எழுதியிருக்கும் கேள்வியை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மருந்தைக் கொடுக்கும் முறை, வழக்கு, மருந்தின் மூலப்பொருள் எல்லாம் இரண்டு மூன்று நாள் காத்திருக்கலாம். எங்கே பிரசவம் என்பது காத்திருக்காது. 26 வாரத்தில் அழுத்தம் ஏறத் தொடங்கியிருக்கிறது, முன்பு ஒரு முறை அதனாலேயே 29 வாரத்தில் பிரசவம் ஆகியிருக்கிறது. இந்த வாரமே முடிவெடுக்க வேண்டிய நிலை இது.

பிறந்த பிறகு குழந்தையை மாற்றலாம் என்ற யோசனை

வீட்டில் சொல்வதை நான் குறை சொல்லவில்லை. சொந்த ஊர், தெரிந்த மருத்துவர், பக்கத்தில் ஆள்துணை என்று அவர்கள் நினைப்பது இயல்புதான். ஆனால் ஒரு கிலோ எடையுள்ள குழந்தையை, பிறந்த முதல் சில மணி நேரத்தில் மூன்று மணி நேரம் சாலையில் கொண்டுபோவது பெரிய ஆபத்து. உடல் சூடு இறங்கும், இரத்தச் சர்க்கரை குறையும், மூச்சு நின்று நின்று வரும். மூளைக்குள் இரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் மிகுந்த நேரமும் அதுவே. இத்தனை சிறிய குழந்தையை இடம் மாற்றுவதற்கு இருக்கிற வாகனங்களிலேயே சிறந்தது தாயின் வயிறுதான். வயிற்றில் குழந்தையோடு நீங்கள் போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கும் மென்மையான முறையே இந்த முடிவோடு கட்டுண்டது. வண்டியில் மூச்சு நின்றுவிட்டால் ஓடும் வண்டியிலேயே குழாய் போட நேரும் என்பதால், மூச்சு சரியில்லாத சிறு குழந்தையைத் தொலைதூரம் அனுப்பும்போது பெரும்பாலும் முன்னதாகவே குழாய் போட்டுத்தான் அனுப்புவார்கள். ஊரிலேயே பிரசவம் பார்ப்பது, குழாயைத் தவிர்க்கும் வாய்ப்பைப் பெரும்பாலும் கைவிடுவதாகவே முடியும்.

பெரிய மருத்துவமனை என்றதும் தனியார் மருத்துவமனை மட்டும் நினைவுக்கு வர வேண்டாம். மாவட்டத் தலைநகரங்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளில் உங்கள் மகனைப் போன்ற குழந்தைகளை அன்றாடம் பார்க்கிறார்கள். கைப்பழக்கம் அங்கேதான் கூடுகிறது. 2011 முதல் நடைமுறையில் இருக்கும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் தாய்க்கும் நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கும் மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம். நீங்கள் கேட்கும் நுரையீரல் மருந்தின் ஒரு குப்பியே பல ஆயிரம் ரூபாய் என்பதால் இது சிறிய விஷயம் அல்ல. தனியார் மருத்துவமனைதான் என்று முடிவெடுத்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த மருத்துவமனை சேர்ந்திருக்கிறதா, குழந்தையின் தீவிர சிகிச்சை அதில் எவ்வளவு அடங்கும் என்று இப்போதே காப்பீட்டுப் பிரிவில் கேட்டு வையுங்கள்.

கடிதத்தின் நடுவில் இருக்கும் அந்த ஒரு வரி

மேலே உள்ள சுருக்கத்தில் சேர்க்காத ஒரு வரி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. போன முறை ஸ்டீராய்டு ஊசி என்றதும் குழந்தைக்குக் கெடுதல் வரும் என்று குடும்பத்தில் பயந்து தயங்கியதாகவும், ஒரே ஒரு ஊசி போட்ட நிலையில் பிரசவம் ஆகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதைச் சொல்லும்போது உங்களுக்குக் குற்ற உணர்வு வரக் கூடாது என்று விரும்புகிறேன். ஸ்டீராய்டு என்ற சொல்லே பலரைப் பயமுறுத்துகிறது. உங்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கியிருக்கவும் மாட்டார்கள்.

தாய்க்குப் போடும் இந்த ஊசி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடைந்து, நுரையீரல் விரைவாக முதிர உதவுகிறது. நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி இருவரும் 1972-இல் இதை நிறுவினார்கள். நம்மைப் போன்ற நாடுகளுக்கும் இது பொருந்துமா என்ற சந்தேகம் நெடுங்காலம் இருந்தது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2020-இல் அதைத் தீர்த்துவைத்தது. 26 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் இடையில் பிரசவம் ஆகக்கூடும் என்றிருந்த தாய்மாருக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்தபோது, பச்சிளம் குழந்தைகளின் இறப்பு 23.5 விழுக்காட்டிலிருந்து 19.6 விழுக்காடாகக் குறைந்தது. நம் நாட்டில் பொதுவாக 6 மில்லிகிராம் வீதம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. முதல் ஊசி போட்டு ஒரு நாளுக்குப் பிறகு, ஒரு வாரத்துக்குள் பிரசவம் ஆனால் பலன் மிக அதிகம். அதனால் தேவையில்லாமல் முன்கூட்டிப் போடவும் கூடாது, மருத்துவர் 'இப்போது போடலாம்' என்று சொல்லும்போது தள்ளிப்போடவும் கூடாது.

மூச்சுத்திணறலைப் பொறுத்தவரை, மெல்லிய குழாயா தடித்த குழாயா என்பதைவிட இந்த நான்கு ஊசிகளுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். 32 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்கினால் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்ஃபேட்டும் கொடுப்பார்கள். உங்களைப் போல அழுத்தம் உள்ளவர்களுக்கு வலிப்பு வராமலும் அதுவே காக்கும். ஆஸ்பிரின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அந்த மருந்து என்ன செய்கிறது

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நம் நுரையீரலின் காற்றறைகளின் உட்புறத்தில் கொழுப்பும் சிறிது புரதமும் சேர்ந்த ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதற்குப் பெயர் சர்ஃபாக்டன்ட். மூச்சை வெளியே விடும்போது காற்றறைகள் ஒட்டிப்போகாமல் அது காக்கிறது. உள்ளே ஈரம் பட்ட பாலித்தீன் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டு பிரிக்கச் சிரமப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். சர்ஃபாக்டன்ட் போதாத நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. கருவில் ஏறக்குறைய 24 வாரத்தில் இது உருவாகத் தொடங்கினாலும், போதிய அளவு சேர 35 வாரம் ஆகிவிடும். உங்கள் மகன் முனகியது அழுகை அல்ல. ஒட்டிக்கொள்ளும் காற்றறைகளைத் திறந்து வைக்க, குரல்நாண்களைப் பாதி மூடி அவன் தானே எடுத்துக்கொண்ட முயற்சி.

இந்தக் குறைபாடுதான் காரணம் என்பதை அமெரிக்காவில் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் 1959-இல் கண்டறிந்தார்கள். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இரண்டே நாளில் இறந்தது இந்த நோயால்தான். அன்று கொடுக்க மருந்து இல்லை. ஜப்பானின் ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டது 1980-இல். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது.

மருந்து கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சியது. மருந்து மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். அதற்காகக் குழாய் போட்டால், அந்தக் குழாய் வழியே காற்றைத் தள்ளும் அழுத்தம், எந்த நுரையீரலைக் காக்க வந்தோமோ அதையே காயப்படுத்தக்கூடும். டென்மார்க்கில் வெர்டரும் உடன் பணியாற்றியவர்களும் 1990-களில் ஒரு நடுவழி கண்டார்கள்: குழாய் போடு, மருந்தைக் கொடு, உடனே குழாயை எடுத்துவிடு. இதை இன்ஷ்யூர் முறை என்கிறோம். இன்றும் பல இடங்களில் இதுவே வழக்கம், இது மோசமான முறையும் அல்ல. ஆனால் குழாய் போடக் கொடுக்கும் மயக்க மருந்தினால் சில குழந்தைகள் உடனே தாமாக மூச்சுவிடுவதில்லை. எடுத்துவிடலாம் என்று போட்ட குழாய் அங்கேயே தங்கிவிடும்.

உங்கள் சித்தி மகள் சொன்னது இதற்கு அடுத்த படி. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆங்கெலா கிரிப்ஸும் அவர் குழுவினரும் வளர்த்தெடுத்த இந்த முறையை லிசா என்று அழைக்கிறோம். குழந்தை தானாக மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். மூக்கு வழியாக மென்மையான காற்றழுத்தம் கொடுக்கும் சி-பாப் கருவியை எடுக்க மாட்டார்கள். தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் என்ற கருவியால் குரல்நாண்களைப் பார்த்து, பால் கொடுக்கப் பயன்படும் குழாயைப் போன்ற மெல்லிய ஒன்றை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் உள்ளே நுழைத்து, ஓரிரு நிமிடங்களில் மருந்தைச் செலுத்திவிட்டு எடுத்துவிடுவார்கள். குழந்தையின் சொந்த மூச்சே மருந்தை உள்ளிழுத்துப் பரப்புகிறது. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் பீட்டர் டார்கவில், கொஞ்சம் விறைப்பான குழாயைப் பயன்படுத்தி இதையே எளிதாக்கினார். அதை மிஸ்ட் என்பார்கள்.

இது வலியே இல்லாத முறை என்று நினைத்துவிடாதீர்கள். லாரிங்கோஸ்கோப் உள்ளே போவது குழந்தைக்குச் சங்கடம்தான். துணியில் இதமாகச் சுற்றி, நாக்கில் சர்க்கரைக் கரைசலைத் தொட்டு வைத்துச் செய்வார்கள். வலி தெரியாமலிருக்க மருந்து கொடுப்பதா, கொடுத்தால் மூச்சு மந்தமாகிவிடுமா என்பது எங்களுக்குள் இன்னும் ஓயாத விவாதம். செலுத்தும்போது இதயத் துடிப்பு குறையலாம், ஆக்சிஜன் இறங்கலாம், மருந்து கொஞ்சம் மேலே திரும்பி வரலாம், இரண்டாம் முயற்சி தேவைப்படலாம்.

தொண்டையில் உட்காரும் சிறிய முகமூடி போன்ற கருவி வழியாகக் கொடுக்கும் முறையும் உண்டு. அதற்குக் குரல்நாண்களைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஆனால் ஒன்றேகால் கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. புகையாக்கி மூக்கு வழியே கொடுப்பது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

ஜெர்மனியின் 12 மருத்துவமனைகளில், 26 முதல் 28 வாரத்தில் பிறந்த 220 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. இரண்டாம் மூன்றாம் நாளில் வென்டிலேட்டர் தேவைப்பட்டவர்கள் வழக்கமான சிகிச்சையில் 46 விழுக்காடு, மெல்லிய குழாய் முறையில் 28 விழுக்காடு. இதற்குப் பின் வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான், 2022-க்கான ஐரோப்பிய வழிகாட்டி நெறிகள், தானாக மூச்சுவிடும் குழந்தைக்கு லிசாவே முதல் தேர்வு என்கின்றன. அதே நெறிகள் அதைத் தேர்ந்த கைகளில் என்றும் எதிர்பார்க்கின்றன.

மறுபக்கத்தையும் பாருங்கள். 23 முதல் 26 வாரத்தில் பிறந்தவர்களிடம் ஜெர்மனியில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், மெல்லிய குழாயில் மருந்து பெற்ற குழந்தைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குப் பின்னால் எப்போதாவது ஒரு கட்டத்தில் குழாய் போட வேண்டியே வந்தது. அது முறையின் தோல்வி அல்ல. அவ்வளவு சிறிய உடலின் களைப்பு. டார்கவில் தலைமையில் 485 குழந்தைகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இறப்பையும் நாட்பட்ட நுரையீரல் பாதிப்பையும் சேர்த்து எண்ணியபோது, மெல்லிய குழாயில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் உறுதியான வேறுபாடு இல்லை. நுரையீரல் பாதிப்பை மட்டும் எடுத்தால் பெறாதவர்களில் 45.3 விழுக்காடு, பெற்றவர்களில் 37.3 விழுக்காடு.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இது நல்ல முறை. கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. ஆனால் வென்டிலேட்டர் வராது என்ற உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறொரு நல்ல செய்தியும் உண்டு: எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் இந்த மருந்தே தேவைப்படுவதில்லை. ஊசிகளை முழுமையாகப் பெற்ற தாய்க்கு 30 வாரத்தில் பிறக்கும் குழந்தைகளில் பலர் சி-பாப் மட்டும் வைத்தே தேறிவிடுகிறார்கள். சி-பாப்பில் போதிய அழுத்தம் கொடுத்தும் 30 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்பட்டால்தான் மருந்து என்பது இப்போதைய பொதுவான அளவுகோல். முன்பெல்லாம் பிறந்ததும் தடுப்பாகவே கொடுத்துவந்தோம். இப்போது அது வழக்கத்திலிருந்து போய்விட்டது.

"குழாய் போடக் கூடாது" என்று எழுதிக் கொடுப்பது

தயவுசெய்து வேண்டாம். பிறந்ததும் மூச்சே விடாத குழந்தைக்கு, அடிக்கடி மூச்சு நின்றுபோகும் குழந்தைக்கு, மூளையில் கசிவு ஏற்பட்டுச் சோர்ந்த குழந்தைக்கு அந்தக் குழாய்தான் உயிர். நள்ளிரவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் உங்கள் கையெழுத்துள்ள தாளைப் பார்த்து அரை நிமிடம் தயங்கினாலும் இழப்பு உங்களுக்குத்தான். உங்கள் விருப்பத்தை வேறு விதமாகச் சொல்லலாம்: "தானாக மூச்சுவிட்டால் சி-பாப்பில் தொடங்குங்கள், மருந்து தேவைப்பட்டால் மெல்லிய குழாய் முறையில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள், உயிருக்கு எது தேவையோ அதைச் செய்யுங்கள்." இதைப் பிரசவத்துக்கு முன்பே, குழந்தை மருத்துவரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். அந்தச் சந்திப்பில் இவற்றையும் கேளுங்கள்:

பிரசவ அறையிலேயே சி-பாப் வசதி உண்டா? மூச்சு விடும் குழந்தைக்கு அங்கே முதல் நிமிடத்திலேயே தொடங்குகிறார்களா?

மெல்லிய குழாய் முறையை இங்கே வழக்கமாகச் செய்கிறீர்களா? இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதைச் செய்யப் பழகியவர் இருப்பாரா? (பகலில் மட்டும் ஒரே ஒருவருக்குத் தெரிந்த முறையைவிட, எல்லோருக்கும் கைவந்த இன்ஷ்யூர் முறை பாதுகாப்பானது. நானே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.)

மருந்து மருத்துவமனையிலேயே இருப்பில் இருக்கிறதா, வெளியில் வாங்கிவரச் சொல்வீர்களா? மூச்சைத் தூண்டும் கஃபீன் மருந்து இருக்கிறதா?

தாய் உள்ளே வந்து குழந்தையை மார்போடு அணைத்து வைக்க அனுமதி உண்டா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலிருந்தே அந்தப் பிரிவு எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும்.

மாமியாரின் மறுப்பு

அவர் கேள்விப்பட்டது உண்மைதான். போராக்டன்ட் என்ற வகை பன்றி நுரையீரலிலிருந்தும், பெராக்டன்ட் என்ற வகை மாட்டு நுரையீரலிலிருந்தும் தயாராகிறது. இரண்டுமே இந்தியாவில் கிடைக்கின்றன. செயற்கையாகச் செய்யும் முயற்சிகள் நடந்தாலும், விலங்கிலிருந்து பெறுபவற்றின் இடத்தை அவை இன்னும் பிடிக்கவில்லை. சுத்திகரித்த கொழுப்பும் சிறிது புரதமுமாக ஒரு சில மில்லிலிட்டர். வயிற்றுக்குள் போகும் உணவு அல்ல, நுரையீரலுக்குள் போகும் மருந்து. ஒரு கிலோ எடைக்குப் போராக்டன்ட் 2.5 மில்லிலிட்டர், பெராக்டன்ட் 4 மில்லிலிட்டர். அளவு குறைவு என்பதால் மெல்லிய குழாய் முறைக்கு முதலாவது வசதியானது. ஆயினும் உங்கள் குடும்பத்துக்கு ஒன்று ஏற்புடையது, மற்றது ஏற்புடையதல்ல என்றால், முன்பே சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்ய முடியும். மாமியாரையும் அந்தச் சந்திப்புக்கு அழைத்துப் போங்கள். பெரியவர்கள் மருத்துவரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டால் பல மறுப்புகள் இளகிவிடும். அவர் மனம் மாறாவிட்டாலும், சம்மதம் தர வேண்டியவர்கள் பெற்றோராகிய நீங்கள் இருவர்தான்.

உங்கள் மகனைப் பற்றி

"அந்தக் குழாயால்தான் நுரையீரல் கிழிந்தது" என்று நீங்கள் இரண்டே முக்கால் ஆண்டாக நினைத்துக்கொண்டிருப்பது வரிக்கு வரி தெரிகிறது. காற்றுக் கசிவு என்பது இந்த நோயின் அறியப்பட்ட சிக்கல். விறைப்பான நுரையீரலில் சில பகுதிகள் மட்டும் அளவுக்கு மீறி விரியும்போது அது நேர்கிறது. குழாய் போடாவிட்டாலும் நேரும். 2008-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பிறந்ததும் குழாய் போட்ட குழந்தைகளில் 3 விழுக்காட்டினருக்கும், சி-பாப்பில் மட்டும் தொடங்கியவர்களில் 9.1 விழுக்காட்டினருக்கும் கசிவு ஏற்பட்டது. குழாயைத் தவிர்த்திருந்தால் கசிவு வந்திருக்காது என்று எவராலும் சொல்ல முடியாது. 29 வாரம், 1,100 கிராம், ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி, பிறந்ததுமே விலா உள்ளிழுக்கும் அளவுக்குத் திணறல் என்ற நிலையில், குழாய் போட்டு மருந்து கொடுத்தது ஏற்கப்பட்ட சிகிச்சைதான்.

வழக்கு பற்றி முடிவெடுக்க வழக்கறிஞரைக் கேளுங்கள். மருத்துவராக என் கருத்து: புதிய முறை ஒன்று இருந்தும் ஏற்கப்பட்ட பழைய முறையைச் செய்தது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. நோயைக் கவனிக்காமல் விட்டார்களா, கசிவைக் கண்டுபிடிக்கத் தாமதித்தார்களா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஆவணங்களை வாங்கி வையுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் மட்டுமே அவற்றைப் பாதுகாத்து வைக்கும் கடமை உண்டு. உங்களுக்கு அந்தக் கெடு நெருங்குகிறது. எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

இழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன 485 குழந்தைகளில் தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களின் இரண்டு வயது நிலவரம் 2023-இல் வெளியானது. மெல்லிய குழாயில் மருந்து பெறாத குழந்தைகளில் 53.6 விழுக்காட்டினருக்கும், பெற்றவர்களில் 40.6 விழுக்காட்டினருக்கும் இழுப்போ மூச்சுச் சிரமமோ இருந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். பலன் இருக்கிறது. ஆனால் அந்த முறையில் பெற்றவர்களிலும் பத்தில் நான்கு பேருக்கு இருந்தது. உங்கள் மகனின் இழுப்புக்கு முதல் காரணம் அவன் முன்கூட்டிப் பிறந்ததுதான். வளர வளரப் பெரும்பாலும் குறையும்.

அதுவரை செய்ய வேண்டியவை இருக்கின்றன. வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் வாசலில் போய்ப் பிடித்தாலும் போதாது, நிறுத்த வேண்டும். கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும் அவன் தூங்கும் அறைக்கு வேண்டாம். ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசி போடுங்கள். ஒவ்வொரு முறையும் நெபுலைசருக்கு ஓடுவதற்குப் பதில், ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குப்பி போன்ற கருவி) வைத்து இன்ஹேலர் கொடுக்க முடியுமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். சரியாகக் கொடுத்தால் அது அதே அளவுக்கு உதவும், பழக்கமாகியும் விடாது. குறைமாதத்தில் பிறந்தவன் என்பதால் கண்பார்வையையும் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒரு முறை சோதித்துவிடுங்கள். ஆவணங்கள் கைக்கு வந்ததும், அவனுடைய டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்றை உங்கள் கர்ப்பகாலக் கோப்பிலும் வையுங்கள். புது மருத்துவமனையில் முதல் நாளே மகப்பேறு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் அதைப் பார்க்க வேண்டும்.